கையெழுத்துக்கு முன்னால் கணக்கு!

மணவாழ்க்கை முறியும்போது கைப்பொருளைக் காப்பது எப்படி?

இரவு 11 மணி. திருப்பூரில் ஒரு வீட்டின் கதவு தட்டப்படுகிறது. தாய் எழுந்து போய்த் திறக்கிறாள். வாசலில் மகள் நிற்கிறாள். இடுப்பில் குழந்தை. கையில் ஒரு பை.

"என்ன கண்ணு, இந்த நேரத்திலே?"

மகள் வாயைத் திறக்கவில்லை. அழுகிறாள். வெகுநேரம் கழித்து, "இனிமேல் அந்த வீட்டுக்குப் போகமாட்டேன், அம்மா" என்கிறாள்.

பொழுது விடிந்ததும் தாய் பையைத் திறந்து பார்க்கிறாள். உள்ளே நான்கு புடவை, குழந்தையின் சட்டை இரண்டு, ஒரு பால் புட்டி. அவ்வளவுதான்!

அந்தப் பெண் 8 ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள். மாதம் தவறாமல் சம்பளம் பாங்கிக் கணக்கில் ஏறியது. பாங்கிப் புத்தகம் எங்கே? கணவன் வீட்டில். ஏ.டி.எம். அட்டை? கணவனின் சட்டைப் பையில். கணக்கோடு சேர்த்துள்ள செல்போன் எண்? அதுவும் கணவனுடையது. பிறந்த வீட்டில் போட்ட 20 பவுன் நகை? மாமியாரின் பீரோவில். வீட்டுக் கடன் பத்திரத்தில் உள்ள கையெழுத்து மட்டும் அவளுடையது!

இது எடுத்துக்காட்டுக்காகச் சொன்ன குடும்பம். ஆனால் இப்படி ஒரு பையோடு வந்து நிற்கும் பெண்கள் ஊருக்கு ஊர் உண்டு.

மணவாழ்க்கை முறிவது பெரிய துன்பம். பெரியவர்கள் பேசிச் சேர்த்து வைக்க முடிந்தால் நல்லது. முடியாமல் போனால் என்ன செய்வது? "மனமே போய்விட்டது, பணம் எதற்கு?" என்று சிலர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருகிறார்கள். கோபத்தில் எதிலும் கையெழுத்துப் போட்டு விடுகிறார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரம் 10 நாளில் அடங்கிவிடும். குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளம் 10 ஆண்டுகளுக்குக் கட்ட வேண்டும்!

பாதி சொத்து கிடைக்குமா?

"விவாகரத்து ஆனால் கணவன் சொத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடும்" என்று பலர் நினைக்கிறார்கள். சினிமாவிலும் அப்படி வருகிறது. அது சரியா?

சரியல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில், திருமணத்துக்குப் பிறகு சம்பாதித்த பொருள் இருவருக்கும் சமம் என்று சட்டம் இருக்கிறது. இந்தியாவில், போர்த்துக்கீசியர் காலத்துச் சட்டம் தொடரும் கோவாவைத் தவிர, அப்படிப் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ, சொத்து அவருடையது என்றே முதலில் கருதப்படும்.

1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 27-வது பிரிவு சொத்தைப் பற்றிப் பேசுகிறது. அதுகூட, திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாகக் கொடுக்கப்பட்ட பொருள்களைப் பற்றித்தான்.

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு ஒரு நல்ல தீர்ப்பு அளித்தது. வீட்டை நிர்வகித்துக் குழந்தைகளை வளர்க்கும் மனைவியின் உழைப்பும், கணவன் சொத்து வாங்குவதற்கு உதவிய உழைப்புதான் என்று அது கூறியது. அந்த வழக்கில் வந்த பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கும் கிடைத்தது. ஆனால் அது ஒரு வழக்கில் வந்த தீர்ப்பு. எல்லாருக்கும் தானாகப் பாதி கொடுக்கும் சட்டம் ஆகிவிடவில்லை.

அப்படியானால் பெண்ணுக்கு ஒன்றும் இல்லையா? நிறைய இருக்கிறது! நகை இருக்கிறது. ஜீவனாம்சம் இருக்கிறது. குடியிருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். கோர்ட்டு கண்ணீரைப் பார்த்து இரங்கலாம். தீர்ப்பு எழுதும்போது காகிதத்தைத்தான் பார்க்கும்.

89 பவுன் வழக்கு

பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் போட்ட நகை, கணவன் வாங்கிக் கொடுத்த பரிசு, மாமனார் மாமியார் கொடுத்த பொருள், உற்றார் உறவினர் செய்த சீர் எல்லாம் "சீதனம்" ஆகும். திருமணத்துக்கு முன்பு கொடுத்தாலும், பின்பு கொடுத்தாலும் அது பெண்ணின் சொந்தச் சொத்து. கணவனுக்கு அதில் பங்கு இல்லை. அவனிடம் கொடுத்து வைத்தாலும் அவன் காவலாளிதான், சொந்தக்காரன் அல்ல. கேட்கும்போது திருப்பிக் கொடுக்க மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் ஆகும் என்று 1985-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொன்னது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நகையை மீட்பது எளிதா? கேரளத்தில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள்.

2003-ம் ஆண்டு ஒரு திருமணம். பெண் வீட்டார் 89 பவுன் நகை போட்டு அனுப்பினார்கள். முதல் இரவிலேயே கணவன் நகைகளை எல்லாம் வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று தன் தாயிடம் கொடுத்துவிட்டான். பிறகு அவை அவர்களின் பழைய கடனை அடைக்கப் போய்விட்டன. இதுதான் அந்தப் பெண் கோர்ட்டில் சொன்னது.

2011-ம் ஆண்டு குடும்ப கோர்ட்டு அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கணவன் தரப்பு மேலே போனது. "நகையைக் கொடுத்தது நிரூபிக்கப்படவில்லை" என்று ஐகோர்ட்டு தீர்ப்பை மாற்றியது. அந்தப் பெண் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாள். திருமணம் என்பது நம்பிக்கையின் மேல் நிற்பது, புதுப்பெண் முதல் நாளே கணவனைச் சந்தேகித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்று அந்தக் கோர்ட்டு கூறியது. கணவன் ரூ.25 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2024-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந்தேதி உத்தரவிட்டது.

நீதி கிடைத்தது. எப்போது? தாலி ஏறி 21 ஆண்டுகளுக்குப் பிறகு!

நகைக்குச் சாட்சி எது?

உண்மை. புதுப்பெண் கணவனிடம் ரசீது கேட்க மாட்டாள். ஆனால் பிறந்த வீட்டார் சில காரியங்களைச் செய்து வைக்கலாம்.

நகைக் கடையில் கொடுக்கும் ரசீதை எறியக் கூடாது. அதில் எடை இருக்கும், தேதி இருக்கும். திருமண ஆல்பத்தில் மணப்பெண் கழுத்திலும் கையிலும் போட்டிருக்கும் நகைகள் தெரியும். அதுவும் ஒரு சாட்சி. மொய் நோட்டு ஒரு சாட்சி. அதில் யார் என்ன கொடுத்தார்கள் என்று எழுதப்பட்டிருக்கும்.

மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985-ம் ஆண்டு விதியே இருக்கிறது. பொருள் என்ன, தோராய மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று எழுதி, மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியைக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. கடைப்பிடித்தால் பிற்காலத்தில் பாதிச் சண்டை குறையும்!

நகை அடகில் இருக்கிறதா? அடகுச் சீட்டின் நகல் வேண்டும். எத்தனை கிராம், யார் பெயரில், எந்தத் தேதியில் வைக்கப்பட்டது என்ற விவரம் அதில் இருக்கும். நகை இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேறு வேண்டுமா?

நகலாக எடுக்க வேண்டியவை

மனக்கசப்பு முற்றி, பிரிவு நிச்சயம் என்று தெரிந்தால் கீழ்க்கண்டவை கையில் இருக்க வேண்டும்.

1. திருமணப் பதிவுச் சான்று, அழைப்பிதழ், புகைப்படம்.

2. தன் ஆதார், பான் அட்டை, படிப்புச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று. இவை அசலாகவே வேண்டும்.

3. தன் பாங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், தபால் ஆபீஸ் சேமிப்புப் புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி.

4. கணவனின் சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, கடன் விவரம் ஆகியவை வீட்டுப் பொதுக் காகிதங்களோடு இருந்தால் அவற்றின் நகல்.

5. வீடு, மனை, நிலம் ஆகியவற்றின் பத்திர நகல், பட்டா நகல், வில்லங்கச் சான்று.

வில்லங்கச் சான்று எடுப்பதற்குக் கணவனின் அனுமதி தேவை இல்லை. பத்திரப் பதிவுத் துறையில் விண்ணப்பித்து யாரும் பெறலாம். சொத்து யார் பெயரில் இருக்கிறது, அண்மையில் அண்ணன் தம்பி பெயருக்கு மாற்றப்பட்டதா, அடமானம் உண்டா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணவனின் அசல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. அது வேறு வழக்கில் கொண்டுபோய் விடும். அவனுடைய செல்போனையோ கணக்கையோ ரகசியமாகத் திறப்பதும் ஆபத்து. வேண்டியதைக் கோர்ட்டு மூலம் கேட்டு வாங்கலாம்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்தப் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் வெளியேற வேண்டும். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். காகிதத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

பாங்கியில் முதல் வேலை

திருப்பூர்ப் பெண்ணுக்கு முதல் வேலை எது? பாங்கிக்குப் போவது!

கணக்கு அவள் பெயரில் இருக்கிறது. ஆனால் செல்போன் எண் கணவனுடையது. அதனால் பணம் எடுப்பதற்கான ரகசிய எண் அவனுக்குத்தான் போகும். அவள் ஆதாரோடு பாங்கிக்குப் போய், எழுத்து மூலம் செல்போன் எண்ணை மாற்ற வேண்டும். பழைய ஏ.டி.எம். அட்டையை நிறுத்தச் சொல்லிப் புதிய அட்டை வாங்க வேண்டும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலை ஏதாவது வெளியே இருந்தால், அந்த எண்ணைச் சொல்லி நிறுத்த வேண்டும். எல்லா மனுவுக்கும் ஒரு நகல் எடுத்து, பாங்கியின் முத்திரையோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டுக் கணக்கு இருந்தால்? "இருவரில் யாரும் எடுக்கலாம்" என்று இருக்கும் கணக்கில் கணவனும் முழுப் பணத்தை எடுக்க முடியும், மனைவியும் எடுக்க முடியும். "இனி இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் கொடுக்க வேண்டும்" என்று பாங்கிக்கு எழுதிக் கொடுக்கலாம். அவன் எடுப்பதற்குள் தான் எடுத்துவிட வேண்டும் என்று கணக்கைத் துடைத்து எடுப்பது நல்லதல்ல. நாளை கோர்ட்டில் பதில் சொல்ல வேண்டி வரும். அவசரத்துக்கு எடுத்தால், எதற்கு எவ்வளவு செலவு என்று எழுதி வைக்க வேண்டும்.

கொடுமை நடந்த வீடு என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடி உதையை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. சம்பளத்தைப் பிடுங்குவது, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது, சீதனத்தை விற்பது ஆகியவையும் பொருளாதார வன்முறைதான். சொத்தை விற்கக் கூடாது, லாக்கரைத் திறக்கக் கூடாது, பாங்கிக் கணக்கைத் தொடக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டு தடை உத்தரவு போடலாம். மனைவியை வீட்டை விட்டு விரட்டக் கூடாது என்றும் உத்தரவிடலாம். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும், குடும்பமாகச் சேர்ந்து வாழ்ந்த வீடாக இருந்தால் அந்தப் பாதுகாப்பைக் கேட்கலாம் என்று 2020-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது.

கடன் யார் தலையில்?

சொத்தைப் பற்றிக் கேட்பவர்கள் கடனைப் பற்றிக் கேட்க மறந்து விடுகிறார்கள். இங்கேதான் கணவன்மாரும் மனைவிமாரும் ஏமாறுகிறார்கள்.

வீட்டுக் கடனில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். விவாகரத்து ஆகிறது. "கடனைக் கணவனே கட்டுவான்" என்று எழுதிக்கொள்கிறார்கள். 6 மாதம் கழித்துக் கணவன் தவணை கட்டவில்லை. பாங்கி யாரைத் தேடி வரும்? இருவரையும் தேடி வரும்! கணவனுக்கும் மனைவிக்கும் நடந்த ஒப்பந்தம் பாங்கியைக் கட்டாது. பாங்கிக்கு வேண்டியது கடன் பத்திரத்தில் உள்ள கையெழுத்து.

ஆகையால் விவாகரத்து முடிவதற்கு முன்பே கடனை ஒருவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று பாங்கியில் கேட்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டை விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரித்துக்கொள்வது நல்லது. ஜாமீன் கையெழுத்து, சீட்டுக் கம்பெனியில் போட்ட கையெழுத்து, மகளிர் குழுவில் வாங்கிக் கணவனிடம் கொடுத்த கடன் ஆகிய எல்லாவற்றையும் பட்டியலில் எழுத வேண்டும். வாங்கியவர் பெயரில்தான் வசூல் நடக்கும். செலவழித்தவர் யார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

மாதச் செலவுக்கு வழி

வழக்கு நடக்கும் காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். 25-வது பிரிவில் நிரந்தர ஜீவனாம்சம் கேட்கலாம். வருமானம் இல்லாத கணவனும் இந்தப் பிரிவுகளில் கேட்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

எந்த மதத்தினரும் போகக்கூடிய வழி ஒன்று உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125-வது பிரிவாக இருந்தது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி முதல் புதிய சட்டத்தில் 144-வது பிரிவாக வந்திருக்கிறது. விவாகரத்து ஆகி மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் இதில் கேட்கலாம். இடைக்காலத் தொகைக்கான மனுவை, எதிராளிக்கு நோட்டீசு சேர்ந்த 60 நாளில் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? சம்பளத்தில் இத்தனை பங்கு என்று சட்டத்தில் கணக்கு இல்லை. இருவரின் வருமானம், சொத்து, கடன், வாழ்ந்த வாழ்க்கை, குழந்தைகளின் தேவை எல்லாவற்றையும் கோர்ட்டு பார்க்கும். மனைவி வேலைக்குப் போகிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சம் மறுக்கப்படுவது இல்லை.

"எனக்கு வருமானமே இல்லை" என்று கையை விரிக்கும் கணவன் உண்டு. "எனக்கு வேலையே இல்லை" என்று மறைக்கும் மனைவியும் உண்டு. இந்த ஒளிந்து விளையாட்டுக்கு 2020-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு முடிவு கட்டியது. இருவரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாண பத்திரமாகக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். பொய் சொன்னால் அதற்குத் தனி நடவடிக்கை வரும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில் இருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. ஆகவே மனுவைத் தாமதம் செய்யத் தாமதம் செய்ய நட்டம் மனைவிக்குத்தான்.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையா? 144-வது பிரிவில் வந்த உத்தரவானால், பாக்கி விழுந்த ஓர் ஆண்டுக்குள் வசூல் மனு போட வேண்டும். "பார்க்கலாம், தருவான்" என்று காத்திருந்தால் அந்த வழியில் பழைய பாக்கியை வாங்குவது கடினமாகிவிடும்.

குழந்தையின் பணம்

குழந்தைக்குக் கொடுக்க வேண்டிய செலவு குழந்தையின் உரிமை. "எனக்கும் குழந்தைக்கும் ஒன்றும் வேண்டாம்" என்று தாய் ரோஷத்தில் எழுதிக் கொடுப்பது உண்டு. தன் உரிமையை விடலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. குழந்தை யாரிடம் வளர்ந்தாலும் இருவருக்கும் பொறுப்பு உண்டு.

மகள் பெயரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறதா? அது அந்த மகளின் பணம். அதைப் பங்கு போடக் கூடாது. இனி யார் பணம் கட்டுவது, புத்தகம் யாரிடம் இருப்பது என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். பள்ளிக்கூடச் சம்பளம், மருத்துவச் செலவு, கல்லூரிப் படிப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதினால் பிறகு வாதம் வராது.

பஞ்சாயத்துப் பத்திரம் செல்லுமா?

சில ஊர்களில் பெரியவர்கள் கூடுவார்கள். ஒரு முத்திரைத்தாள் வாங்குவார்கள். "இருவருக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். விவாகரத்து முடிந்துவிட்டது என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அது விவாகரத்து ஆகாது! தொன்றுதொட்டு வந்த சமூக வழக்கம் என்று கோர்ட்டில் நிரூபிக்கப்பட்டால் தவிர, இந்துக்களுக்கு அந்தத் தாள் செல்லாது. நோட்டரி வக்கீலின் முத்திரை இருந்தாலும் செல்லாது. அதை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணமும் செல்லாமல் போகும். இருதார வழக்கும் வரும்.

வீட்டை எழுதிக் கொடுப்பதும் அப்படித்தான். "வீட்டில் பாதி மனைவிக்கு" என்று வெள்ளைத்தாளில் எழுதினால் வீடு மாறாது. பத்திரப் பதிவு ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்போது பதிவு செய்தால் என்ன கட்டணம், விவாகரத்துக்குப் பிறகு செய்தால் என்ன கட்டணம் என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

சம்மத விவாகரத்து

சென்னை மாகாணத்தில் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் 1949-ம் ஆண்டு வந்தது. நாடு முழுவதற்கும் 1955-ம் ஆண்டு வந்தது. இருவரும் மனம் ஒப்பிப் பிரியும் வழி 1976-ம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கு அந்த வழி 2001-ம் ஆண்டு வந்தது.

இந்து திருமணச் சட்டப்படி, ஓர் ஆண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனு போடலாம். 6 மாதம் கழித்து மறுபடி கோர்ட்டுக்கு வந்து சம்மதத்தைச் சொல்ல வேண்டும். தகுந்த வழக்குகளில் அந்த 6 மாதத்தைக் கோர்ட்டு தள்ளிவிடலாம் என்று 2017-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

இரண்டாவது முறை வந்து சம்மதம் சொல்கிற நாள்தான் முக்கியமான நாள். அதுவரை யாரும் மனம் மாறிச் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதன் பிறகு எல்லாம் முடிந்துவிடும். ஆகையால் மொத்தமாக ஒரு தொகை என்று பேசியிருந்தால், "பிறகு தருகிறேன்" என்ற வாய்ச்சொல்லை நம்பக் கூடாது. பாங்கி வரைவோலையாகக் கோர்ட்டிலேயே கொடுக்கும்படி எழுத வேண்டும். தவணை முறை என்றால் தேதி, தொகை, தவறினால் என்ன என்பதை எழுத வேண்டும். ஜீவனாம்சத்துக்கு ஈடாகக் கணவனின் வீட்டின் மீது பொறுப்பு ஏற்றவும் சட்டத்தில் இடம் உண்டு. திருப்பிக் கொடுக்க வேண்டிய நகையின் பட்டியல், எடை ஆகியவையும் அந்த ஒப்பந்தத்தில் ஏற வேண்டும்.

கணவனுக்கும் இதே விதிதான். கொடுக்கும் பணத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. பாங்கி மூலம் கொடுத்தால் கொடுத்ததற்குச் சாட்சி இருக்கும். எந்த எந்த வழக்கு வாபஸ் ஆகிறது என்றும் எழுதி வாங்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம்?

"வக்கீல் வைக்கக் காசு இல்லை" என்று எந்தப் பெண்ணும் பின்வாங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் சட்டப்படி எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு கிடையாது. கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் மனுக் கொடுத்தால் வக்கீல் அமர்த்திக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

தீர்ப்புக்குப் பிறகு

தீர்ப்பு நகலை வாங்கியதோடு வேலை முடியவில்லை. இன்சூரன்ஸ், வருங்கால வைப்பு நிதி, பாங்கி டெபாசிட் ஆகியவற்றில் நாமினியாக யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். விவாகரத்து ஆனதும் பெயர் தானாக மாறி விடும் என்று இருந்துவிடக் கூடாது. விண்ணப்பம் கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றாமல் ஒருவர் இறந்துபோனால், பிரிந்துபோனவர் கையில் பணம் போய்ச் சேரலாம். பெற்ற பிள்ளைகள் அதற்காக வழக்குப் போட நேரிடும். குடும்ப அட்டையில் பெயர் பிரிப்பதும், உயில் எழுதியிருந்தால் திருத்துவதும் அப்போதே செய்ய வேண்டிய வேலைகள்.

பெட்டியில் இருந்தது என்ன?

திருப்பூர் வீட்டுக்குத் திரும்புவோம். மகள் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். "எல்லாம் போச்சு, அம்மா" என்கிறாள்.

தாய் ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை இழுத்துத் திறக்கிறாள். பழைய பட்டுப்புடவைக்குக் கீழே ஒரு துணிப் பை. அதில் 8 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய நகைக் கடை ரசீது. கல்யாண ஆல்பம். மஞ்சள் தடவிய மொய் நோட்டு. காலமான தந்தை ஒவ்வொரு நகைக்கும் நேராக எடையைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார்.

"உங்கப்பாவுக்கு எதையும் எழுதி வைக்கிற பழக்கம், கண்ணு" என்கிறாள் தாய்.

எழுதி வைப்பது சந்தேகம் அல்ல. நாளைக்கே கணவனும் மனைவியும் மனம் மாறிச் சேர்ந்து வாழ்ந்தாலும், பெட்டியில் இருக்கும் காகிதம் யாரையும் கடிக்காது. சேரவில்லை என்றால் அந்தக் காகிதம்தான் துணை.

அன்றைக்கே தாயும் மகளும் பாங்கிக்குப் போனார்கள். செல்போன் எண்ணை மாற்ற எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் சம்பளம் ஏறியது. அதைச் சொல்லும் செய்தி முதல் முறையாக அவளுடைய செல்போனுக்கே வந்தது.